கைவிடாத பந்து: கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரை

முன்னுரை

கல்வி, கலை, விளையாட்டு ஆகிய மூன்றும் மாந்தர் வாழ்வைச் செம்மைப்படுத்துவன. இவற்றுள் முதலிரண்டையும் நம் பெண்மக்களுக்கு வழங்க வேண்டும் என்பதில் இன்று எவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. மூன்றாவதாகிய விளையாட்டைப் பொறுத்தவரை நாம் இன்னும் தயங்கியே நிற்கிறோம். 'சிறுமியாக இருக்கும்வரை ஆடட்டும்' என்பதே பெரும்பாலான இல்லங்களில் எழுதப்படாத சட்டமாக இருக்கிறது.

இக்கட்டுரையாளன் நெய்வேலி நகரியத்தில் பிறந்து வளர்ந்தவன். தந்தையார் சுரங்கத் தொழிலாளி. 1956ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற நிலக்கரி நிறுவனத்தின் பொருட்டு, முந்திரிக் காடுகளும் சிற்றூர்களும் இருந்த மண்ணில் எழுந்த நகரம் அது. நேரான சாலைகள், எண்ணிட்ட வட்டங்கள், நிழல்தரும் மரங்கள், பள்ளிகள், அவற்றை ஒட்டிய விளையாட்டுத் திடல்கள் என அனைத்தும் வரைபடத்தில் முன்னரே குறிக்கப்பெற்று உருவானவை. பாரதி விளையாட்டரங்கம் போன்றதொரு பெருந்திடல் அக்காலத்தில் பல மாவட்டத் தலைநகரங்களுக்கும் வாய்க்கவில்லை. ஆடுவதற்கு இடமில்லை என்று நெய்வேலியில் எவரும் சொல்ல முடியாது.

எனினும் என் தமக்கை ஆட்டத்தைப் பத்தாம் வகுப்பில் விட்டார். பள்ளிக் கூடைப்பந்து அணியில் விரைந்து ஓடும் கால்களும் தவறாத குறியும் உடையவர் என்று பெயர் பெற்றிருந்தவர் அவர். 1981ஆம் ஆண்டு, வெளியூரில் இரண்டு இரவுகள் தங்கி ஆட வேண்டிய ஒரு போட்டி வந்தது. ஒப்புதல் படிவத்தைத் தந்தையார் கையில் வாங்கினார், நெடுநேரம் பார்த்தார், "துணைக்கு யார் போகிறார்கள்?" என்று கேட்டார். ஆசிரியை எவரும் உடன் செல்லவில்லை. படிவம் கையொப்பமின்றியே திரும்பிற்று. மறுநாள் முதல் தமக்கை திடலுக்குச் செல்லவில்லை. தந்தையார் கொடியவர் அல்லர், அச்சமுடையவர். அந்த அச்சத்திற்கு விடை சொல்ல அன்று எவரும் இல்லை.

இந்த நினைவோடுதான், தமிழகம் ஈன்ற கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரையின் ஆட்ட வாழ்க்கையை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. பந்து ஒரு பெண்ணின் கையை விட்டு எப்போது நழுவுகிறது, எது துணை நின்றால் நழுவாமல் இருக்கிறது என்பதே நாம் காண வேண்டிய செய்தி.

இலக்கியத்தில் பந்தாடும் மகளிர்

பந்து தமிழ் மகளிர்க்குப் புதியதன்று. சங்கப் பாடல்களில் ஓரை, வண்டல், கழங்கு, ஊசல் ஆகியவற்றோடு பந்தும் இளமகளிர் விளையாட்டாகப் பேசப்படுகிறது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் கந்துகவரி என்றே ஒரு பகுதி உண்டு. பெருங்கதையில் மானனீகை பந்தடிக்கும் திறம் விரிவாக வருணிக்கப்படுகிறது. சீவக சிந்தாமணியில் விமலையின் பந்து தெருவில் உருண்டோடிச் சீவகன் கண்ணில் படுகிறது. திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடும் காட்சியைப் பயிலாத தமிழ் மாணவர் இலர்.

இக்காட்சிகளை ஒருசேர வைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும. மானனீகையின் ஆட்டத்தைக் காணும் உதயணன் அவள்பால் மனம் பறிகொடுக்கிறான். விமலையின் பந்து சீவகனுடன் நிகழும் திருமணத்திற்குத் தூது ஆகிறது. வசந்தவல்லி பந்தாடி நிற்கும் பொழுதே உலாவரும் தலைவனைக் கண்டு காதல் கொள்கிறாள். பந்து காதலுக்கு வாயிலாக அமைகிறது; காதல் கைகூடியபின் பந்து காவியத்தினின்று மறைந்துவிடுகிறது. மணமான தலைவி ஒருத்தி, தாயான தலைவி ஒருத்தி, மீண்டும் பந்தைக் கையில் எடுத்தாள் என்று நம் காவியப் புலவர் எவரும் பாடியதாக நினைவில்லை.

அகப்பொருளில் இற்செறிப்பு என்பது அனைவரும் அறிந்த ஒன்று. மகளின் பருவ வளர்ச்சியையும் வேறுபாட்டையும் கண்ட தாய், அவளை வெளியே செல்லவிடாது இல்லத்துள் வைத்துக் காப்பதே இற்செறிப்பு. தினைப்புனமும் கடற்கரை மணலும் தோழியர் ஆயமும் ஒரே நாளில் அவளுக்கு அயலாகின்றன. வகுப்பறையில் அதனை ஒரு துறையாகப் பயிற்றுவிக்கும் பொழுதெல்லாம், கையொப்பமின்றித் திரும்பிய அந்தப் படிவமே என் கண்முன் நிற்கும்.

கூடைப்பந்தின் பிறப்பும் வரவும்

கூடைப்பந்து, பிறந்த நாளை நாம் அறிந்திருக்கும் அரிய விளையாட்டுகளுள் ஒன்று. 1891ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்சு நெய்சுமித்து, குளிர்காலத்தில் மாணவர் கூரையின்கீழ் ஆடுவதற்கென இதனை வகுத்தார். பீச்சுப் பழக் கூடைகளைக் கொண்டு தொடங்கியதால் இப்பெயர் அமைந்தது. அடுத்த ஆண்டிலேயே ஸ்மித்து மகளிர் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை செண்டா பெரன்சன் இதனை மாணவியர்க்கு அறிமுகம் செய்தார். 1893ஆம் ஆண்டு அக்கல்லூரியில் நடந்த மகளிர் ஆட்டத்தைக் காண ஆடவர்க்கு இசைவு தரப்படவில்லை. பெண்கள் மிகுதியாக ஓடி இளைத்துவிடலாகாது என்று கருதி ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதிக்குள்ளேயே நிற்கச் செய்தனர். 'பெண்ணால் இவ்வளவுதான் இயலும்' என்ற எண்ணம் மேலைநாட்டிலும் இருந்தது என்பதற்கு இது சான்று.

இந்தியாவுக்கும் இவ்விளையாட்டு ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே வந்தது. அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பார் 1920ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். அங்குப் பயின்று வெளியேறிய உடற்கல்வி ஆசிரியர்கள் சென்ற பள்ளிகளுக்கெல்லாம் கூடைப்பந்தும் சென்றது. 1950ஆம் ஆண்டு இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு தோன்றிற்று. ஒலிம்பிக்குப் பந்தயத்தில் ஆடவர் கூடைப்பந்து 1936ஆம் ஆண்டிலேயே இடம்பெற, மகளிர்க்கு அவ்வாய்ப்பு 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியாலில்தான் கிட்டியது.

ஆட்டத்தை அறியாதார் பொருட்டு ஒரு சொல். 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடைய தளத்தில் அணிக்கு ஐவராக ஆடுவர். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும். பத்து நிமிடப் பகுதிகள் நான்கு. பந்தைப் பெற்ற அணி 24 நொடிகளுக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். மகளிர் ஆடும் பந்து ஆடவர் பந்தினும் சற்றே சிறியது. தளமும் வளையமும் காலமும் இருபாலர்க்கும் ஒன்றே. ஓட்டம், தாவல், குறி, கண நேரத்தில் முடிவெடுக்கும் கூர்மை ஆகிய நான்கும் ஒருங்கே வேண்டும். ஆகவே பயிற்சியை ஓராண்டு விட்டவர் மீண்டும் பழைய நிலையை எய்துவது எளிதன்று. இதனை மனத்திற் கொண்டு அனிதாவின் வாழ்க்கைக்கு வருவோம்.

பதினைந்து அகவையில் தொடக்கம்

அனிதா பால்துரை 1985ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பள்ளிப் பருவத்தில் தடகளத்திலும் கைப்பந்திலும் ஈடுபட்டிருந்தவர் பின்னரே கூடைப்பந்துக்கு வந்தார். வந்த சில ஆண்டுகளிலேயே, 2000ஆம் ஆண்டில், இந்திய அணியின் உடையை அணிந்தார். என் தமக்கைக்கு ஆட்டம் முடிந்த அதே பதினைந்து அகவையில் அனிதாவுக்கு ஆட்டம் தொடங்கியது.

பத்தொன்பது அகவையில் அவர் இந்திய அணியின் தலைவியானார். அத்துணை இளம் அகவையில் அப்பொறுப்பை ஏற்றவர் அதற்குமுன் இலர் என்பர். இப்பொறுப்பின் கடுமையை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. பஞ்சாபிலிருந்தும் கேரளத்திலிருந்தும் தில்லியிலிருந்தும் வந்த, தம்மினும் மூத்த, வேறு மொழி பேசும் வீராங்கனையரை, 24 நொடிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் போதே ஒரு கையசைவில் ஒன்றுபடுத்த வேண்டும். தோல்வியுற்றால் முதலில் விடை சொல்ல வேண்டியவரும் தலைவியே.

2000 முதல் 2017 வரை பதினெட்டு ஆண்டுகள் அவர் நாட்டுக்காக ஆடினார். ஆசிய மகளிர் கூடைப்பந்துத் தொடர்கள் ஒன்பதில் பங்கேற்றார். இந்திய மகளிருள் இச்சிறப்பை முதலில் எய்தியவர் அவரே. தேசியப் போட்டிகளில் அவர் பெற்ற பதக்கங்கள் முப்பது. பிற விளையாட்டுகளில் இவ்வளவு பெற்றிருந்தால் அவர் பெயர் ஒவ்வோர் இல்லத்திலும் ஒலித்திருக்கும். கிரிக்கெட்டு ஒன்றையே நோக்கி இருந்த நாட்டில் கூடைப்பந்துச் செய்திகள் நாளிதழின் ஒரு மூலையில் நான்கு வரிகளாக முடிந்தன.

மூவர் ஆடும் கூடைப்பந்திலும் அவர் முத்திரை பதித்தார். இது பாதித் தளத்தில் ஒரே வளையத்தை நோக்கி ஆடுவது. பத்து நிமிடம் முடியும்போது முன்னிலையில் இருப்பவர், அல்லது அதற்குள் 21 புள்ளிகளை எட்டியவர் வெற்றி பெறுவர். பந்தை எறிய 12 நொடிகளே உண்டு. 2011ஆம் ஆண்டு இலங்கையின் அம்பாந்தோட்டையில் நடந்த தெற்காசியக் கடற்கரை விளையாட்டுகளிலும், 2013ஆம் ஆண்டு கத்தார் நாட்டின் தோகாவில் நடந்த ஆசியப் போட்டியிலும் இந்திய மகளிர் பொற்பதக்கம் வென்றனர். பின்னர் 2021ஆம் ஆண்டு நடந்தேறிய தோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்வகை ஆட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பெற்றது.

ஸ்பெயின் நாட்டு வீராங்கனையும் நம் வீராங்கனையும்

அனிதாவின் வாழ்க்கையை உலக அளவில் வைத்துப் பார்க்க ஸ்பெயின் நாடு நல்ல உரைகல்லாகும். அந்நாட்டில் மகளிர் கூடைப்பந்து ஒரு தொழில். ஆமாயா வால்டெமோரோ என்னும் வீராங்கனை 1976ஆம் ஆண்டு மாட்ரிடு அருகே பிறந்தவர். 1998 முதல் 2000 வரை அமெரிக்க மகளிர் தொழில்முறைத் தொடரில் ஹூஸ்டன் அணியில் இருந்து மூன்று முறை வாகை சூடினார். பின் தம் நாட்டிலும் உருசியாவிலும் ஆடினார். 2011ஆம் ஆண்டு ஆட்டத்தில் வீழ்ந்து இரு மணிக்கட்டுகளும் முறிந்தபோதும் மீண்டு வந்து, 2013ஆம் ஆண்டு ஐரோப்பியப் பட்டத்தை நாட்டுக்கு வென்று தந்தபின் ஓய்வு பெற்றார். அவர்க்குப் பின் வந்த ஆல்பா தொர்ரென்சு மயோர்க்காத் தீவில் 1989ஆம் ஆண்டு பிறந்தவர். ஐரோப்பியக் கழகங்களுக்கான உயர்ந்த பட்டத்தை ஸ்பெயின், துருக்கி, உருசியா ஆகிய மூன்று நாட்டுக் கழகங்களின் சார்பில் ஆறு முறை வென்றவர். 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஸ்பெயின் அணியிலும் அவர் இருந்தார்.

தொர்ரென்சின் முதல் ஐரோப்பியப் பட்டம் 2011ஆம் ஆண்டு சாலமான்கா நகர அணியுடன் கிட்டியது. சாலமான்கா மாட்ரிடு போன்ற மாநகரன்று; பழம்பெரும் பல்கலைக்கழகத்தால் பெயர் பெற்ற நடுத்தர நகரம். மக்கள்தொகை ஒன்றரை இலட்சத்தை ஒட்டியது. நெய்வேலி நகரியத்தின் மக்கள்தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. நெய்வேலியினும் சற்றே பெரிய ஊர் ஒன்று, தன் மகளிர் அணியைக் கொண்டு ஒரு கண்டத்தையே வென்றது என்பது எண்ணி மகிழத்தக்கது. ஊரார் காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி வந்து பார்க்கின்றனர். வணிக நிறுவனங்கள் பொருள் தருகின்றன. வீராங்கனைக்கு ஒப்பந்தமும் ஊதியமும் உண்டு. விளையாட்டே சோறு போடுகிறது.

இந்தியாவில் மகளிர் கூடைப்பந்துக்கு அத்தகைய தொழில்முறைத் தொடர் வேரூன்றவில்லை. இங்கே வீராங்கனைக்குச் சோறு போடுவது அலுவலகம். அனிதா தென்னக இரயில்வேயில் பணியில் அமர்ந்தார். இரயில்வே, காவல்துறை, பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீடே நம் வீரர் வீராங்கனையர் பலர்க்கும் நிழல்தரும் மரம். தேசிய மகளிர் கூடைப்பந்துப் போட்டிகளில் இந்திய இரயில்வே அணி நெடுங்காலம் கோலோச்சியமைக்குக் காரணம் இதுவே. நாட்டின் சிறந்த வீராங்கனையர் பணி தேடி அங்கே சேர்ந்தனர்.

அனிதாவின் சமகாலத்தவரும் தென்னக இரயில்வே வீராங்கனையுமான கேரளத்துக் கீத்து அன்னா ஜோசின் வரலாறும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 2006ஆம் ஆண்டு தொடங்கி ஆஸ்திரேலியாவின் ரிங்வுட்டு அணிக்கு அவர் ஆடினார். 2011ஆம் ஆண்டு சிக்காகோ, லாஸ் ஏஞ்சலிசு, சான் அந்தோனியோ ஆகிய அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் தேர்வுக்கு அழைக்கப்பட்டார். இடம் கிட்டவில்லை, ஆயினும் அவ்வாயில் வரை சென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயர் நிலைத்தது. 2014ஆம் ஆண்டு அருச்சுனா விருது அவரை வந்தடைந்தது. திறமை நம்மிடம் இல்லாமல் இல்லை; திறமைக்கு நாற்றங்கால் மட்டுமே இங்கு உண்டு, வயல் இல்லை என்பதையே இது காட்டுகிறது.

தாய்மைக்குப் பின்

ஆனால் நம் முறையில் ஒரு நன்மையும் உண்டு. ஒப்பந்தத்தில் ஆடும் வீராங்கனைக்குத் தாய்மை பெரும் இடர். ஆடாத காலத்திற்கு ஊதியம் யார் தருவர்? அமெரிக்க மகளிர் தொழில்முறைத் தொடரிலேயே, மகப்பேற்றுக் காலத்திற்கு முழு ஊதியம் என்பது 2020ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில்தான் உறுதியாயிற்று. நடுவண் அரசு ஊழியராகிய பெண்ணுக்கோ 2008ஆம் ஆண்டு முதலே 180 நாள் ஊதியத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பு உண்டு. பணிக்காலத்தில் குழந்தை பேணும் விடுப்பும் உண்டு. முழங்கால் முறிந்தாலும், அணியில் இடம் போனாலும், மாதச் சம்பளம் நிற்பதில்லை. தொழில்முறை ஆட்டம் தராத அமைதியை அரசுப் பணி தந்தது என்று கூறலாம்.

அனிதா தாயானார். அத்துடன் அவர் ஆட்டம் முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பர். நம் வழக்கம் அதுவே. அவரோ மீண்டும் பயிற்சிக்குத் திரும்பினார். இளையோர் நிரம்பிய அணியில் இடம்பெறும் தகுதியைத் திரும்பவும் ஈட்டினார். 2017ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா உள்ளரங்கில் ஆசிய மகளிர் கோப்பையின் இரண்டாம் பிரிவுப் போட்டிகள் நடந்தன. இறுதியாட்டத்தில் இந்தியாவும் கசகஸ்தானும் மோதின. உயரத்தில் மேம்பட்ட எதிரணியை இந்தியா 75க்கு 73 என்ற கணக்கில் வென்றது. இரு புள்ளி என்பது ஒரே ஓர் எறிதல். அந்த ஓர் எறிதல் இந்திய அணியை முதற்பிரிவுக்கு உயர்த்தியது. காவியப் புலவர் பாடாது விட்ட அந்தத் தலைவியை, குழந்தையைப் பெற்றெடுத்தபின் பந்தை மீண்டும் கையில் எடுத்த தாயை, அன்று பெங்களூரில் நாடு கண்டது.

2021ஆம் ஆண்டு நடுவண் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. செய்தி வந்த அன்று நெய்வேலியிலிருந்து தமக்கை தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அந்தப் பொண்ணு கொழந்த பெத்ததுக்கு அப்புறமும் ஆடிச்சாமே!" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

உடை ஒரு தடையா?

இவ்விடத்தில் நம் பெரியோர் மனத்தில் எழும் மற்றொரு வினாவையும் தொட்டுச் செல்வது முறையாகும். விளையாட வேண்டுமெனில் உடைநெறியை விட வேண்டுமோ என்பதே அவ்வினா. நெடுங்காலம் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதி தலைமறைப்புக்கு இடம் தரவில்லை. 2014ஆம் ஆண்டு தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டுகளில், தலைமறைப்பை நீக்க மறுத்த கத்தார் மகளிர் அணி மங்கோலியாவுடனான ஆட்டத்தை விட்டு வெளியேறியது. அமெரிக்காவில் பில்கிசு அப்துல் காதிர் என்னும் மாணவி, பள்ளி ஆட்டங்களில் 3,070 புள்ளிகள் குவித்துத் தம் மாநிலத்தில் புதிய எல்லை கண்டவர். தலைமறைப்புடனேயே கல்லூரி அணியிலும் ஆடினார். வெளிநாட்டில் தொழில்முறை ஆட்டக்காரராகச் செல்ல விரும்பியபோது அதே விதி குறுக்கே நின்றது. அவர் வாளாவிருக்கவில்லை, விதியை மாற்றுமாறு குரல் எழுப்பினார். பலர் குரலும் சேர, 2017ஆம் ஆண்டு மே திங்களில் கூட்டமைப்பு விதியைத் திருத்தியது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

அத்திருத்தம் வந்தபோது பில்கிசின் ஆட்டப் பருவம் பெரிதும் கடந்திருந்தது. அவர் பெறாததை அவர்க்குப் பின் வருவோர் பெற்றனர். உடை இன்று விதியின்படி தடையன்று. எஞ்சியிருக்கும் தடைகள் நம் ஊரிலும் நம் உள்ளத்திலும் உள்ளவையே.

நாம் செய்யத்தக்கவை

அத்தடைகள் யாவை? என் தந்தையார் கேட்ட வினாவே முதலாவது: "துணைக்கு யார்?" மாணவியர் அணி வெளியூர் செல்லும்போது ஆசிரியை ஒருவர் உடன் செல்வது உறுதி என்றால் பாதிப் பெற்றோர் கையொப்பமிடுவர். தங்குமிடம் எது, திரும்பும் நேரம் எது என்பனவற்றைப் படிவத்திலேயே தெளிவாக எழுதினால் மீதிப் பேருள்ளும் பலர் இசைவர். அச்சத்தை இகழ்ந்து பேசுவதால் பயனில்லை. அச்சத்திற்கு விடை தர வேண்டும்.

இரண்டாவது, நேரமும் இடமும். திடல் இருந்தும் மாலையில் அதனை ஆண் பிள்ளைகளே நிறைத்துக் கொள்கின்றனர். வாரத்தில் சில நாள்களேனும் மாணவியர்க்கென ஒரு மணி நேரத்தை ஒதுக்குவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. விளக்கும், உடை மாற்ற ஓர் அறையும், தூய்மையான கழிப்பறையும் இருத்தல் வேண்டும். இவை இல்லாமையால் திடலை விட்ட பெண்கள், திறமை இல்லாமையால் விட்டவரினும் பலர்.

மூன்றாவது, பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு ஆண்டில் விளையாட்டை நிறுத்துவதைக் கல்விக் கடமையாகவே கருதுகிறோம். ஆட்டத்தில் சிறந்தவர்க்குக் கல்லூரிச் சேர்க்கையிலும் அரசுப் பணியிலும் ஒதுக்கீடு உண்டு என்பதைப் பெற்றோர் பலர் அறியார். அனிதாவின் இரயில்வே வேலை விளையாட்டால் கிட்டியது என்பதை அவர்க்கு எடுத்துரைக்க வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாம்.

மாணவச் செல்வங்களே! எல்லோரும் அனிதா ஆகிவிட இயலாது. ஆக வேண்டுவதும் இல்லை. இந்திய அணிக்கு ஒரு நேரத்தில் பன்னிருவர் போதும். ஆனால் பன்னிருவரை எடுக்க வேண்டுமெனில் பல்லாயிரவர் ஆடியிருக்க வேண்டும். அப்பல்லாயிரவருக்கும் பதக்கம் கிட்டாது. நலமான உடலும், தோல்வியைத் தாங்கும் உள்ளமும், பிறரோடு சேர்ந்து இயங்கும் பண்பும் கிட்டும். வாழ்க்கைக்கு அவை போதுமானவை.

நிறைவுரை

சென்ற ஆண்டு விடுமுறையில் நெய்வேலி சென்றிருந்தேன். தமக்கையின் பெயர்த்தி ஒன்பதாம் வகுப்பு மாணவி. பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். வெளியூர்ப் போட்டிக்கான ஒப்புதல் படிவம் வீட்டிற்கு வந்திருந்தது. சிறுமியின் தந்தை அதனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே வினாவை, ஒரு சொல்லும் மாறாமல் கேட்டார்: "துணைக்கு யாரு போறாங்க?"

அடுக்களையிலிருந்து தமக்கை வெளியே வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் போறேன் மாப்பிள்ள. கையெழுத்துப் போடுங்க" என்றார்.

படிவம் இம்முறை கையொப்பத்துடன் திரும்பியது. போட்டியில் அவர்கள் அணி முதற்சுற்றிலேயே தோற்றது. தமக்கை அதைப்பற்றிக் கவலை கொண்டதாகத் தெரியவில்லை. ஊர் திரும்பியதும் எனக்குச் சொன்னது இவ்வளவே: "அடுத்த வருஷமும் போகணும்."

இலக்கியத்துத் தாய் மகளை இற்செறித்தாள். இக்காலத்துத் தாயும் பாட்டியும் துணையாக உடன் செல்வாராயின், பந்து நம் பெண்மக்கள் கையை விட்டு நழுவாது. அனிதா பால்துரையின் பதினெட்டு ஆண்டு ஆட்ட வாழ்க்கை நமக்கு உணர்த்தும் செய்தி இதுவே என்று கூறி இக்கட்டுரையை நிறைவு செய்கிறேன்.